புகை பார்க்கத் தெரிந்த பிள்ளை

பெண்பிள்ளை என்றால் அம்மாவுக்கு, ஆண்பிள்ளை என்றால் அப்பாவுக்கு என்று கோர்ட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் ஒருவர் சொன்னார். அதெல்லாம் இல்லை, யாருக்கு நிலம் இருக்கிறதோ அவர்களுக்குத்தான் என்றார் இன்னொருவர். வாய்தாவுக்கு வந்து வந்து பழகிப்போன ஒரு பெரியவர் மட்டும் வேறு மாதிரி சொன்னார். ஜட்ஜ் பிள்ளையை நடுவில் நிறுத்திவிட்டு அது யாரிடம் ஓடுகிறது என்று பார்ப்பாராம். ஓடுகிற பக்கம் தீர்ப்பு. எனக்கு நிலம் கிடையாது. பிள்ளையோ பெண்பிள்ளை. அதனால் பெரியவர் சொன்னதை நம்பினேன். என் மகள் என்னிடம்தான் ஓடிவருவாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தொண்ணூறுகளின் கடைசி அது. மகளுக்கு ஏழு வயது நடந்துகொண்டிருந்தது. அவள் யாரிடம் வளர வேண்டும் என்பதுதான் வழக்கு. போட்டவள் என் மனைவி.

நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதன்பிறகு லாரியில் கிளீனராக ஓடினேன். வேம்பார்ப் பக்கம் உப்பளத்தில் உப்பு வாரினேன். புதியம்புத்தூரில் ரெடிமேட் சட்டைகளுக்குப் பட்டன் தைத்தேன். எங்கேயும் ஒரு வருஷம் முழுசாக இருந்ததில்லை. சண்டை போட்டுக்கொண்டு கிளம்புவதும் இல்லை. ஒரு நாள் காலையில் எழுந்திருக்கும்போது அந்த ஊர் எனக்கு முடிந்துபோயிருக்கும், அவ்வளவுதான்.

கரிமூட்ட வேலை எனக்குத் தோதாக அமைந்தது. அந்த வேலையே ஓரிடத்தில் நிற்காது. மழை இல்லாமல் விதைப்பை விட்ட கரிசல் காடுகளில் வேலிக்கருவை மண்டிக் கிடக்கும். ஒரு காட்டைப் பேசி முடித்து, வெட்டி, கரியாக்கி, மூட்டை கட்டி லாரியில் ஏற்றிவிட்டால் அடுத்த காடு. விளாத்திகுளம், குளத்தூர், சாயல்குடி என்று போய்க்கொண்டே இருக்கலாம். வெட்டுக்குத்தான் ஆள் வேண்டும். மூட்டத்துக்குத் தீ வைத்த பிறகு ஒரே ஒருவன் கூட இருந்தால் போதும். அந்த ஒருவன் நான்.

விறகை வட்டமாக அடுக்கி, மேலே தழையைப் போட்டு, ஈரமண்ணால் பூசி மூடி, உள்ளே தீ வைக்க வேண்டும். அடியில் சுற்றிலும் சின்னச் சின்ன ஓட்டைகள். விறகு எரியக் கூடாது, உள்ளேயே புழுங்க வேண்டும். முதலில் வெள்ளைப் புகை திரண்டு திரண்டு வரும். கட்டை வெந்து முடிகிற நேரம் அது மெலிந்து நீலமாக மாறும். நீலம் கண்டதும் ஓட்டைகளை அடைத்துவிட வேண்டும். அசந்துவிட்டால் காலையில் சாம்பல்தான் மிச்சம். அதனால் மூட்டம் போட்டவன் படுத்தாலும் தூங்க மாட்டான், தூங்கினாலும் படுக்க மாட்டான்.

கல்யாணம் ஆனபோது என் மனைவி தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தாள். அதை விட்டுவிட்டு என்னோடு காட்டுக்கு வந்தாள். ஓலைக் குடிசையில் சமைத்தாள், தலையில் குடத்தோடு அடுத்த ஊர்வரை தண்ணீருக்கு நடந்தாள். பிள்ளை பிறந்து பள்ளிக்கூட வயது வந்ததும் போதும் என்று சொல்லிவிட்டாள். கோவில்பட்டிக்குக் கிழக்கே அவள் அண்ணன் இருந்த ஊருக்குப் போய், பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிட்டு, பழையபடி தீப்பெட்டி ஆபீஸ் வண்டியில் ஏறினாள். நான் ஒரு காடு முடிந்து அடுத்த காடு தொடங்கும் இடைவெளியில் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். எங்களுக்குள் அடி உதை ஏதும் இல்லை. பேச்சுத்தான் குறைந்துகொண்டே வந்தது.

அப்புறம் அவளுக்கு மஞ்சள்காமாலை கண்டது. எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். அவள் அண்ணன் பிள்ளையின் துணிகளை ஒரு பையில் போட்டுக் கொடுத்து, “இவ எந்திரிச்சு நடமாடுற வரைக்கும் ஒங்ககூட வச்சுக்கிடுங்க மாப்ள” என்றார். குளத்தூர்ப் பக்கம் காட்டில் மூட்டம் ஓடிக்கொண்டிருந்த நேரம். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அந்த மாதங்களைப் பற்றி நான் யாரிடமும் அதிகம் சொன்னதில்லை. அதுவரைக்கும் காட்டில் பேசுவதற்கு எனக்கு ஆள் இருந்ததில்லை. பீடி தீர்ந்துபோனால் கடைக்காரரிடம் பேசுகிற நாலு வார்த்தைதான் ஒரு நாளுக்கு. இப்போது காலையில் கண் விழித்ததிலிருந்து ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. ஓணான் எத்தனை முட்டை போடும், மூட்டத்துக்குள்ளே இருக்கிற எறும்பெல்லாம் எங்கே போகும், கடல் இங்கிருந்து தெரியுமா என்று கேட்பாள். எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன், தெரியாததற்கு ஏதாவது கதை கட்டுவேன். நான் சோறு பொங்கினால் அவள் சுள்ளி ஒடிப்பாள். தலைசீவப் பழகினேன். கோணல் வகிடுதான் வந்தது. அவள் குறை சொல்லவில்லை. பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது, ஆனால் தூரம். மூட்டத்தை விட்டுவிட்டுக் கொண்டுபோய் விட முடியவில்லை. கொஞ்ச நாளில் அதைப் பற்றி நாங்கள் இருவருமே பேசுவதை விட்டோம்.

மனைவி உடம்பு தேறியதும் அண்ணனோடு காட்டுக்கே வந்தாள். மெலிந்து போயிருந்தாள். பிள்ளையைக் கொடுங்கள் என்றாள். இந்த மூட்டம் முடியட்டும் என்றேன். அடுத்த தடவை வந்தபோது அடுத்த மூட்டம் முடியட்டும் என்றேன். அப்புறம் ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் கூடிப் பேசினார்கள். பெண்பிள்ளையைத் தாயிடம் கொடுத்துவிடு என்றார்கள். கொடுக்க முடியாது என்று எழுந்து வந்தேன். அதற்கப்புறம்தான் கோர்ட்டிலிருந்து ஆள் வந்தது.

எனக்குக் கிடைத்த வக்கீல் நல்ல மனுஷன். கோவில்பட்டி மெயின்ரோட்டில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே மாடியில் உட்கார்ந்திருப்பார். நான் படியேறி வரும்போதே சட்டையில் புகை நாற்றம் அடிக்கிறது என்று ஃபேனைக் கூட்டி வைப்பார். ஜட்ஜ் ஐயா கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தார். வருகிற ஜூனில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பேன். ஊருக்குள் வீடு பார்த்துக்கொண்டிருக்கிறேன். இவ்வளவுதான். இதற்கு மேல் வாயைத் திறக்காதே என்றார். நானும் தலையாட்டினேன்.

ஜட்ஜ் எங்களைக் கூப்பிட்டு விசாரித்த அன்றைக்குப் பிள்ளைக்கு மஞ்சள் கவுன் போட்டுக் கூட்டி வந்திருந்தேன். கோர்ட்டு வராந்தாவில் அவளைக் கண்டதும் மச்சான் ஒரு பொட்டலம் சேவு வாங்கிக் கொடுத்தார். நான் விடக் கூடாது என்று கடலைமிட்டாய் வாங்கினேன். அவர் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். நான் வாழைப்பழம் கொடுத்தேன். எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் தின்றுவிட்டுப் பிள்ளை வராந்தாவிலேயே வாந்தி எடுத்தாள். மனைவி எழுந்துவந்து முந்தானையால் அவள் வாயைத் துடைத்தாள். துடைத்துவிட்டு அவள் தலையை முகர்ந்து பார்த்தாள். “தலை பூராம் பொகை” என்று அவளுக்குள்ளேயே சொல்லிக்கொண்டு திரும்பிப் போய் உட்கார்ந்தாள்.

ஜட்ஜ் யாரையும் நடுவில் நிறுத்தவில்லை. பிள்ளையை மட்டும் தன் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். ரொம்ப நேரம் கழித்து அவள் வெளியே வந்தாள். என்னம்மா கேட்டார்கள் என்றேன். சும்மா பேசிக்கிட்டு இருந்தோம் என்றாள். அதற்கு மேல் அவளிடமிருந்து ஒரு வார்த்தையும் வாங்க முடியவில்லை. அடுத்து மனைவி போனாள். கடைசியாக என்னைக் கூப்பிட்டார்கள்.

அவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர் என்று சொல்லியிருந்தார்கள். ஒல்லியான மனிதர், அடிக்கடி இருமினார். உட்காரச் சொன்னார். நான் நின்றேன். மறுபடியும் சொன்னதும் நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன். பிள்ளைக்குக் கடைசியாக எப்போது காய்ச்சல் வந்தது, என்ன செய்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். யார் குளிப்பாட்டுவது என்றார். நான்தான் என்றேன். இரவில் பிள்ளை எங்கே படுக்கும் என்று கேட்டார்.

“மூட்டத்துக்குப் பக்கத்துல கயித்துக்கட்டில்ல ஐயா. எங்கூடத்தான்.”

“மூட்டம்னா?”

இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. எங்கள் பக்கத்தில் யாரும் கேட்காத கேள்வி அது. கோர்ட்டில் இத்தனை நாளும் பிறர் பேசப் பேச நான் வாய்மூடி நின்றிருக்கிறேன். இப்போது எனக்குத் தெரிந்த விஷயத்தை ஒரு படித்த மனுஷன் காது கொடுத்துக் கேட்கிறார். அடுக்குவதிலிருந்து தொடங்கினேன். தழை, மண், ஓட்டை, வெள்ளைப் புகை, நீலப் புகை எல்லாம் சொன்னேன். அவர் நடுவில் நிறுத்தவே இல்லை. அந்த உற்சாகத்தில்தான் அடுத்ததும் வந்தது.

“எம்மவளுக்குப் புகை பாக்கத் தெரியும் ஐயா. பெரிய ஆளுகளே ஏமாந்துருவாக. இவ ஏமாற மாட்டா. ராத்திரி நான் கண்ணசந்துட்டாலும் இவ முழிச்சிருப்பா. நீலம் கண்டுச்சுன்னா எப்பா எப்பான்னு உலுக்கி எழுப்பி விட்ருவா. அவ வந்ததுக்கப்புறம் ஒரு மூட்டம்கூடச் சாம்பலாகல.”

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மனசுக்குள் அசந்துபோயிருக்கிறார் என்று நினைத்தேன்.

“பிள்ளைக்கு அங்க யார் கூட்டாளி? யாரோட விளையாடும்?”

“நாந்தான் ஐயா. நாங்க ரெண்டு பேரும்தான். வேற யாரையும் தேட மாட்டா.”

அவர் குனிந்து ஏதோ எழுதினார். சரி, போங்கள் என்றார்.

வெளியே வக்கீல் காத்திருந்தார். உள்ளே என்ன கேட்டார், என்ன சொன்னாய் என்றார். நான் ஒன்றுவிடாமல் சொன்னேன். ஏழு வயதில் புகை பார்க்கிற பிள்ளை வேறு யாருக்கு இருக்கிறது, எங்கள் தொழில்காரர்கள் யாரிடம் சொன்னாலும் கையெடுத்துக் கும்பிடுவார்கள் என்றேன். வக்கீல் என் தோளைத் தட்டி, “போப்பா, போயி ஒரு டீ குடிச்சிட்டு வா” என்றார்.

தீர்ப்பு இரண்டு வாய்தா கழித்து வந்தது. பிள்ளை தாயிடம் வளர வேண்டும். மாதத்தில் இரண்டாம் சனிக்கிழமை தகப்பன் காலையில் கூட்டிப்போய்ச் சாயங்காலம் கொண்டுவந்து விடலாம். கோடை விடுமுறையில் பாதி நாட்கள் தகப்பனிடம் இருக்கலாம், ஆனால் மூட்டம் போடுகிற இடத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது, வீடு இருக்க வேண்டும். ஜட்ஜ் இங்கிலீஷில் படித்துவிட்டு, என்னைப் பார்த்துத் தமிழில், நீங்கள் பிள்ளையைப் பிரியமாகத்தான் வைத்திருந்திருக்கிறீர்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை என்றார். பிரியமாக வைத்திருந்தேன் என்று அவரே சொல்கிறார், பின்னே ஏன் கொடுக்கவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. கோர்ட்டு வாசலில் பிள்ளையின் துணிப்பையை மச்சானிடம் கொடுத்தேன். பிள்ளை கையசைத்தாள். அவர்கள் ஆட்டோவில் ஏறிப் போனார்கள்.

காட்டுக்குத் திரும்பிப் போய், அடுக்கி வைத்திருந்த மூட்டத்தை முடித்தேன். அடுத்ததை முடித்தேன். நடுவில் ஒன்று சாம்பலானது. பழையபடி கடைக்காரரிடம் நாலு வார்த்தை.

இரண்டாம் சனிக்கிழமை மட்டும் தவறாமல் போனேன். ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு கோவில்பட்டியில் காலையிலிருந்து சாயங்காலம்வரை என்ன செய்வது? வீடு இருக்கிறவனுக்கு இந்தக் கேள்வியே வராது. கோவிலுக்குப் போவோம். அங்கே நடை சாத்தியதும் ஓட்டலில் புரோட்டா தின்போம். வெயில் ஏறியதும் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போய் பிளாட்பாரப் பெஞ்சில் உட்காருவோம். அங்கே நிழல் உண்டு, குடிக்கத் தண்ணீர் உண்டு, யாரும் எழுப்பிவிட மாட்டார்கள். வருகிற ரயிலெல்லாம் எங்கே போகிறது என்று சொல்வேன். பாதி ஊர்களில் நான் வேலை பார்த்திருக்கிறேன். முதல் சில மாதம் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் அவளே பேச ஆரம்பித்தாள். டீச்சர், கூடப் படிக்கிற பிள்ளைகள், யார் யாரோடு காய்விட்டார்கள், யார் பாண்டி ஆட்டத்தில் கோட்டை மிதித்துவிட்டு இல்லையென்று அளாப்பினாள் என்று பேச்சு ஓடும். அது யாரு என்று நடுவில் கேட்பேன். “ஒனக்குத் தெரியாது” என்று சொல்லிவிட்டுத் தொடர்வாள்.

கோடை விடுமுறை வருவதற்கு முன்னால் காட்டை விட்டேன். கோவில்பட்டியில் தீக்குச்சி அறுக்கிற ஒரு குச்சிக் கம்பெனியில் மரத்தடி இறக்குகிற வேலைக்குச் சேர்ந்து, பக்கத்திலேயே நாலைந்து குடித்தனம் இருந்த ஒரு வளவில் ஒற்றை அறை பிடித்தேன். கதவு, பூட்டு, லைட்டு எல்லாம் இருந்தது. வக்கீல் வந்து பார்த்துவிட்டு, இப்படியே ரெண்டு வருஷம் இருந்து காட்டு, மறுபடியும் மனுப் போடலாம் என்றார். இருந்துவிடுவேன் என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன்.

பிள்ளை வந்தாள். முதல் இரண்டு நாள் கலகலப்பாக இருந்தது. நான் வேலைக்குப் போகிற நேரம் வளவில் ஒரு அக்கா பார்த்துக்கொண்டார்கள். அந்த வளவில் எல்லாம் பெரிய ஆட்கள், விளையாட்டுக்குப் பிள்ளைகள் இல்லை. சாயங்காலம் நான் வரும்போது வாசற்படியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். என்னைக் கண்டதும் எழுந்து சிரிப்பாள்.

“எப்பா, இன்னைக்கு என்ன கெழமை?” என்று கேட்டாள். புதன் என்றேன். அடுத்த நாளும் கேட்டாள். அதற்கடுத்த நாளும் கேட்டாள். காலண்டர் வாங்கி மாட்டினேன். அப்படியும் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சோறு தின்றுகொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. வருகிற செவ்வாய் அவள் ஊர் அம்மன் கோவிலில் கொடை. கல்யாணமான புதிதில் நானும் போயிருக்கிறேன். ஊரே புதுத்துணி உடுத்தும். வெளியூருக்குப் போனவர்கள் எல்லாம் வந்து இறங்குவார்கள். பிள்ளைகள் மூன்று நாளும் வீடு தங்க மாட்டார்கள்.

“ஏட்டி, ஊர்ல கொடைல்லா?”

“ஆமா.”

“போணும்னு கேக்க வேண்டியதுதான?”

அவள் தட்டில் சோற்றை ஒதுக்கி ஒதுக்கிக் குவித்தாள். “நான் போயிட்டா நீ ஒத்தையில கெடப்பல்லா.”

“ஒங்கம்மை சொல்லி விட்டாளா, இப்படிச் சொல்லணும்னு?”

“யாரும் சொல்லல. எனக்கே தெரியும்.”

அவள் முகத்தைப் பார்த்தேன். மூட்டத்துக்குப் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து, நான் தூங்கட்டும் என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு புகையைப் பார்த்திருப்பாளே, அதே முகம். கோர்ட்டில் தன் அறைக்குள் ஜட்ஜ் குனிந்து என்ன எழுதினார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அதை எனக்கு அவர் சொல்லியிருந்தாலும் நான் ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

திங்கட்கிழமை வேலைக்குப் போகவில்லை. பஜாரில் அவளுக்குப் பச்சைப் பாவாடையும் சட்டையும் எடுத்தேன். வளையல் கேட்டாள், எடுத்தேன். மத்தியானப் பஸ்ஸில் ஊருக்குக் கிளம்பினோம். ஊரில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். ரேடியோ செட்டுக்காரன் குழாயைக் கம்பத்தில் ஏற்றிக்கொண்டிருந்தான். பஸ்ஸை விட்டு இறங்கி நாலு எட்டு நடப்பதற்குள் பிள்ளைகள் சில பேர் அவளைக் கண்டுவிட்டார்கள். என் கையை எப்போது விட்டாள் என்று எனக்குத் தெரியவில்லை. புதுத்துணிப் பை மட்டும் என்னிடம் இருந்தது.

வீட்டு வாசலில் மனைவி மாவாட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து கையைக் கழுவினாள். பிள்ளைக்கு ஏதும் சரியில்லையா என்று பதறினாள். அதெல்லாம் இல்லை, அங்கே விளையாடுகிறாள் என்றேன். பையைக் கொடுத்தேன். பிரித்துப் பார்த்தாள்.

“இன்னும் ஒங்க நாளு கெடக்கே” என்றாள்.

“கெடக்கட்டும்.”

“கொடை முடிஞ்சதும் வந்து கூட்டிட்டுப் போறீங்களா?”

“அவளா வாரேன்னு சொன்னா வாரேன். நீ எதுவும் சொல்லி அனுப்பாத. எனக்காகப் போன்னு சொல்லாத.”

அவள் புதுத்துணியை மடித்துப் பைக்குள் வைத்தாள். வெயில்ல நிக்காதீங்க, சாப்பிட்டுட்டுப் போங்க என்றாள். மச்சானும் உள்ளேயிருந்து மாப்ள, மாப்ள என்று கூப்பிட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டுச் சொம்புத் தண்ணீரை மட்டும் குடித்தேன். கோவிலைச் சுற்றிக்கொண்டு நடந்தேன். பந்தல் காலைப் பிடித்துச் சுற்றிக்கொண்டிருந்த பிள்ளைகளில் எது என்னுடையது என்று தேடிப்பிடித்துப் பார்த்தேன். கூப்பிடவில்லை.

வக்கீலிடம் போய்ச் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்துவிட்டது. கோர்ட்டு கொடுத்த நாளை நீயே கொண்டுபோய்க் கொடுத்தால் நாளைக்கு என்ன சொல்லி மனுப் போடுவது என்றார். மனு வேண்டாம் சார் என்றேன். அவர் என் வழக்குக் கட்டை எடுத்து அலமாரியில் வைத்தார்.

கொடை முடிந்து ஒரு வாரம் அறையிலேயே இருந்தேன். சாயங்காலம் வேலை விட்டதும் நேராக வந்து, கதவைத் திறந்து வைத்து, அவள் கூப்பிடுகிறாள் என்று யாராவது சொல்ல வருவார்களா எனப் பஸ் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை. விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்தது. அப்புறம் அறையைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டுச் சாயல்குடிப் பக்கம் ஒரு காட்டுக்குப் போனேன். இரண்டாம் சனிக்கிழமைகளில் மட்டும் வந்தேன். ரயில்வே ஸ்டேஷனில் உட்கார்ந்து அவள் சொல்வதைக் கேட்பேன். யார் யார் என்று இப்போது எனக்கும் கொஞ்சம் பிடிபட்டிருந்தது. அடுத்த கோடையில் எங்கே போக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.